குளிக்காமல் வரச் சொன்னவன்

டேனரியில் எனக்கு ஈரப் பக்கம் வேலை. உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும். அதை ஊறவைத்து, சுண்ணாம்பு டிரம்மில் போட்டுச் சுற்றவிட்டு, முடி கழன்றதும் வெளியே இழுத்துப் போட வேண்டும். சுண்ணாம்போடு ஒரு மருந்தும் சேர்ப்பார்கள். கெட்டுப்போன முட்டை மாதிரி வாடை. சோப்புக்குப் போகாது. புளி போட்டுத் தேய்த்தாலும் நகத்துக்குள் நிற்கும், முடிக்குள் நிற்கும். எனக்கு அது தெரிவதில்லை, பழகிவிட்டது. எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வரும். கூட்டம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், உட்காராது. எனக்குக் கோபம் கிடையாது. அவரவர் மூக்கு அவரவருக்கு.

ஒரு தடவை ஒடுகத்தூர் பக்கம் பெண் பார்க்கப் போனேன். அண்ணன் சட்டையைப் போட்டு, மேலே சென்ட்டு அடித்துக்கொண்டு போனேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. பெண்ணின் அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தார். நல்ல குளிர்காலம். அதற்கப்புறம் என் வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆம்பூரில் ஒரு அறை எடுத்துத் தனியாகவே இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரை நாள். ஓடுகிற டிரம்முக்கு ஞாயிறு தெரியாது. காலையில் தோலை இறக்கிவிட்டு மத்தியானம் விடுவார்கள். அறைக்குப் போனால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். அதனால் பாலாற்றுக்குள் இறங்கி நடப்பேன். ஆறு என்று பேர்தான், மணலும் முள் மரமும். அந்த முள் மர நிழலில் சீட்டு ஓடும்.

அங்கே ஆடுவது உள்ளே வெளியே. ஒருத்தர் சீட்டுக்கட்டைப் பிடித்திருப்பார். ஒரு சீட்டைத் திறந்து காட்டுவார். அதே எண்ணுள்ள சீட்டு மறுபடி உள்ளே விழுமா, வெளியே விழுமா என்று பணம் வைக்க வேண்டும். அவர் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவார். விழுந்த பக்கம் ஜெயம். திறமை ஒன்றும் வேண்டாம்.

கட்டைப் பிடித்தவர் ரிடையர் ஆன பஸ் கண்டக்டர். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு டிக்கெட் கிழிக்கிற மாதிரியே சீட்டைப் போடுவார். வாயும் நிற்காது.

"உள்ள ஏறு, உள்ள ஏறு. படியில நிக்காத. வெளிய எறங்குறவன் சட்டுனு எறங்கு."

நான் தள்ளி நின்று பார்ப்பேன். காற்று அவர்களிடமிருந்து என் பக்கம் வருகிற மாதிரி இடம் பார்த்து நிற்பேன். வேடிக்கை பார்க்கிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. மனுஷர்கள் பேசுவது காதில் விழும். எனக்கு அது போதும்.

ஒரு ஞாயிறு காற்று திரும்பிவிட்டது.

அன்று ஒரு வண்டிக்காரன் தோற்றுக்கொண்டே இருந்தான். ஷூ கம்பெனிகளுக்கு அட்டைப் பெட்டி ஏற்றுகிற லோடு வண்டி அவனுடையது. என்னைவிடச் சின்னவன். மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினான்.

"இன்னாடா இது, எவனாவது செத்த எலிய மிதிச்சிட்டு வந்துட்டானா?"

"டேனரி அண்ணன்பா. காத்து மாறிடுச்சு," என்றார் கண்டக்டர்.

நான் கிளம்பினேன். பின்னால் ஒரு சத்தம். வண்டிக்காரன் உள்ளே வைத்திருந்தான், உள்ளே விழுந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு முதல் ஜெயம். நான் கரைப் பக்கம் நடந்தேன். அடுத்த ஆட்டம் தோற்றான்.

"ண்ணா, எங்க போற? இங்க வா."

"வேணாம்பா. நாறும்."

"நாறட்டும். வந்து நில்லு."

நின்றேன். ஜெயித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஒரு சிமெண்ட் சாக்கை மடித்து இடது பக்கம் போட்டான்.

"உக்காருண்ணா."

உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் வரை அவன் தோற்கவே இல்லை. போகும்போது என் செல் நம்பரை வாங்கிக்கொண்டான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை குளிக்காம வாண்ணா. ஷிப்ட் முடிஞ்சு அப்பிடியே வா. சோப்பு கீப்பு போட்டுடாத."

அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு நினைவுபடுத்துவான். அண்ணன் பொங்கலுக்குக் கூப்பிடுவார். மற்றபடி என் செல்லில் வருகிற குரல் அவனுடையதுதான். ஞாயிறு மத்தியானம் சாக்கு தயாராக இருக்கும். மெயின் ரோட்டிலிருந்து பிரியாணி வாங்கி வைத்திருப்பான். இலையைப் பிரித்து மணல் மேல் வைத்து, கத்திரிக்காய்த் தொக்கை நடுவில் கொட்டி, இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிடுவோம். என் கை சுண்ணாம்பில் வெந்து வெள்ளையாக இருக்கும். அவன் அதைப் பார்க்க மாட்டான்.

வாரா வாரம் ஜெயித்தான். ஜெயிக்கிறவன் சந்தோஷமாக இருப்பான் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை. பயந்துகொண்டே இருந்தான். கையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்திருக்கிறவன் மாதிரி. ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொண்டு வந்தான். முடி வெட்டிக்கொள்ளவில்லை. ஜெயிச்சோம் என்ற வார்த்தையை வாயில் எடுக்க மாட்டான். ஆட்டத்தின் நடுவில் அவன் மனைவி கூப்பிடுவாள், செல்லில் அவர்கள் பாப்பாவின் படம் மின்னும். எடுக்கவும் மாட்டான், கட் பண்ணவும் மாட்டான்.

"அடிக்கட்டும்ண்ணா. போன வாரம் அடிச்சிக்கினே இருந்துச்சி, நல்லா போச்சு."

எனக்கு ஒன்றுக்கு வந்தாலும் விட மாட்டான்.

"கொஞ்சம் அடக்கிக்கோண்ணா. இந்த ஆட்டம் முடியட்டும்."

"எந்த ஆட்டம்?"

"இப்பிடியே போற வரிக்கும்."

கண்டக்டர் சீட்டைப் போட்டுக்கொண்டே சொல்வார். "ஏம்பா, அவரு மனுசனா, இல்ல உன் வண்டியில கட்டுற எலுமிச்சம்பழமா?"

ஒரு நாள் சீட்டைப் பார்த்துக்கொண்டே என் தோள் மேல் கை போட்டான். வேண்டும் என்று போட்டது இல்லை. ஆட்டத்தின் சுவாரசியத்தில் கை தானாக வந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. நான் அசையவில்லை. முதுகில் எறும்பு கடித்தது, அப்போதும் அசையவில்லை.

அது எனக்காக வந்த கை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார்.

"கால்ல புண்ணு ஆற மாட்டேங்குதே உனக்கு. தண்ணியிலயே நின்னா எப்பிடி ஆறும்? அளவு மெஷின் கிட்ட ஆள் கேக்குறாங்க. ஒலர்ந்த தோலு. எடுத்து எடுத்து அடுக்கணும், அவ்ளோதான். வாடையும் கம்மி. போறியா?"

காய்ந்த பக்கம் போக வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஆசை. அங்கே வேலை செய்கிறவர்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்வார்கள்.

"கொஞ்ச நாள் போகட்டும் சார்," என்றேன்.

"இன்னாய்யா இது? அந்த வேலைக்கு எல்லாரும் எங்கிட்ட வந்து பேஜார் பண்றாங்க. உனக்கு இன்னா?"

"பழகிடுச்சு சார்."

"பழகிடுச்சாம். யோசிச்சுச் சொல்லு. ரொம்ப நாள் வெக்க மாட்டேன்."

வண்டிக்காரன் அழுக்குச் சட்டையோடு வந்தபோது நான் உள்ளுக்குள் சிரித்தேன். நான் செய்ததும் அதேதான். ஒன்றை மாற்றினால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன். அவனுக்குச் சீட்டு, எனக்குப் பக்கத்து ஆள். வாடை போய்விட்டால் அந்தச் சாக்கும் போய்விடும். காலில் துணி சுற்றிக்கொண்டு ஈரத்திலேயே நின்றேன்.

பிறகு அவன் தோற்க ஆரம்பித்தான். காரணம் ஒன்றும் இல்லை. அதே சாக்கு, அதே சட்டை, அதே நான். முதல் வாரம் சிரித்தான். இரண்டாவது வாரம் என் பக்கம் திரும்பினான்.

"சோப்பு போட்டியாண்ணா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"உம்மேல சத்தியமா போடல."

கிட்டே வந்து மோந்து பார்த்தான். நாய் மோந்து பார்க்கிற மாதிரி, கழுத்துக்கிட்ட.

"கம்மியாத்தான் இருக்கு. முன்ன இன்னும் ஜாஸ்தியா இருக்கும்."

"இன்னும் ஒரு நாள் டிரம்முல ஊறவச்சு எடுத்தாந்திருக்கணும்பா இவர," என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இடது பக்கம் இருந்த என்னை வலது பக்கம் உட்காரவைத்தான். அப்புறம் பின்னால். அப்புறம் எதிரில், அவன் கண்ணில் படுகிற மாதிரி. நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன்.

தோற்கிறவனையும் அப்போதுதான் கிட்டேயிருந்து பார்த்தேன். அவனுக்கு அவசரம். ஜெயித்த நாட்களில் ஆட்டத்துக்கு நடுவில் நிதானமாக டீ குடிப்பான். இப்போது டீ ஆடை கட்டிக் கிடந்தது, அதில் மணல் விழுந்தது. நடுவில் ஒரு ஆட்டம் ஜெயித்தால்கூட முகம் மாறாது. தன்னிடம் இருந்து எடுத்துப் போனதைத் திரும்ப வாங்குகிற மாதிரி வாங்குவான். வாங்கின கையோடு அதற்கு மேல் வைப்பான். மனைவி கூப்பிட்டால் இப்போது எடுத்தான். எடுத்து, "வெய்யி போன," என்று கத்தினான்.

"திரும்பும்ண்ணா. ஒரே பக்கமா எவ்ளோ நேரம் வுழும்? திரும்பித்தானே ஆவணும்?"

எனக்குப் படிப்பு கிடையாது. ஆனால் அவ்வளவு வாரம் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. போன தடவை எங்கே விழுந்தோம் என்று சீட்டுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் எல்லாம் ஆடுகிறவனுக்குத்தான். அதைச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டான். ஜெயித்தபோது நான் அதைச் சொல்லவில்லையே. அப்போது எனக்கும் அந்த நம்பிக்கை வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் அவன் சொன்னான்.

"போய்க் குளிச்சிட்டு வாண்ணா."

"குளிச்சிட்டா?"

"நல்லா தேச்சிக் குளி. இந்த நாத்தம்தான் இப்ப ஒத்துக்கல."

கரையில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அங்கே பம்பு செட்டு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் இறங்கினேன். தலைக்கு, கைக்கு, நகத்துக்கு என்று தேய்த்தேன். கால் புண்ணில் சோப்பு பட்டு எரிந்தது. பெண் பார்க்கப் போன அன்றுகூட அப்படித் தேய்க்கவில்லை. சட்டையை அலசிப் பிழிந்து ஈரத்தோடு போட்டுக்கொண்டு திரும்பினேன். அவன் மோந்து பார்த்தான்.

"இப்ப கரெக்டா கீது. உக்காரு."

உட்கார்ந்தேன். தோற்றான். மறுபடி தோற்றான். என் சட்டை உடம்பிலேயே காய்ந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. பார்க்கவும் இல்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருண்ணா."

தள்ளி உட்கார்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

முள் மரத்தின் நிழல் முடிகிற இடத்துக்குப் போனேன். அதற்கு மேல் வெயில். சாக்கு அவன் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை அவன் கூப்பிடவில்லை. அடுத்த வாரமும் இல்லை. ஞாயிறு மத்தியானம் வேலை முடிந்ததும் நான் ஆற்றுப் பக்கம் போகாமல் அறைக்கு வந்து படுத்தேன். பக்கத்து வீட்டில் டிவி ஓடியது. சுவர் வழியாக எல்லாம் கேட்டது. அந்த வீட்டு ஆள் ஏதோ சொல்ல, மனைவி சிரித்தாள். என்ன சொன்னான் என்று மட்டும் கேட்கவில்லை. தூக்கம் வரவில்லை. தோற்கிறவன் ஏன் எழுந்து போவதில்லை என்று கண்டக்டரிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "எழுந்துட்டா தோத்தது நெசமாயிடும்ல," என்றார். அறையில் படுத்திருந்தபோது அது புரிந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு போனேன். யாரும் கூப்பிடாமலே. கரையில் நின்றேன். வண்டிக்காரன் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். மெலிந்திருந்தான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"ண்ணா, நல்ல நேரத்துல வந்த. அதோ, வெல்டிங் கடைக்காரு கீறாரு பாரு. காலையில இருந்து அவருக்கே வுழுது. நீ போய் அவரு பக்கத்துல உக்காரு."

"நானா?"

"எனக்காகண்ணா. என்னை இன்னா கதி பண்ணியோ, அதை அவரையும் பண்ணு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். பழைய சிரிப்புதான். கேட்டது அவன் என்பதால் போனேன்.

வெல்டிங் கடைக்காரர் வயசானவர். கண் சிவந்து கிடந்தது. நான் கிட்டே போய்த் தயங்கி நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் வெயில்ல நிக்குற? உக்காரு."

"டேனரியில இருந்து வர்றேங்க. நாறும்."

"எனக்கு மூக்கு எப்பவோ போய்டுச்சுப்பா. வெல்டிங் பொகையிலயே போய்டுச்சு. பிரியாணியே எனக்கு வெறுஞ்சோறுதான். உக்காரு."

உட்கார்ந்தேன். எதிரில் வண்டிக்காரன் என்னையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தான். கண்டக்டர் சீட்டைப் போட்டார். வெல்டிங் கடைக்காரர் வெளியே வைத்திருந்தார், வெளியே விழுந்தது. அடுத்ததும் அவருக்கே. அதற்கடுத்ததும். தொடையைத் தட்டினார்.

"யோவ், நீ ராசியான ஆளுய்யா! அடுத்த வாரமும் வந்துடு. இதே மாதிரி வா."

"அவரு என் ஆளு," என்றான் வண்டிக்காரன்.

"உன் ஆளுன்னா உன் பக்கத்துல இருந்திருப்பாரே?"

"நான்தான் அனுப்பிச்சேன். ண்ணா, எழுந்து இங்க வா."

"போகாதய்யா. உக்காரு நீ." கடைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"யோவ், ரெண்டு பேரும் அடிச்சிக்காதீங்க," என்றார் கண்டக்டர். "இந்த வண்டியில ரிசர்வேஷன்லாம் கெடையாது."

இரண்டு பேர் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சண்டை போட்டார்கள். நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வண்டிக்காரன் தன் பக்கத்தில் சாக்கை மடித்துப் போட்டுத் தட்டினான். போய் உட்கார்ந்துவிடலாம் என்று எழுந்தேன். எழுந்தபோது அவன் முகம் தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. கண்டக்டர் கையில் இருக்கிற கட்டைப் பார்த்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். கடைக்காரரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அந்தப் பக்கம் உட்கார்ந்தாலும், இனி விழப்போகிற ஒவ்வொரு சீட்டுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். அந்த வட்டத்தில் சும்மா உட்கார எனக்கு இடம் இல்லை.

கரையைப் பார்த்து நடந்தேன்.

"எங்கண்ணா போற?"

"ரூமுக்கு."

"எதுக்கு?"

"குளிக்க."

கண்டக்டர் மட்டும் சிரித்தார். வண்டிக்காரன் இன்னும் ஒரு தடவை கூப்பிட்டான். ஆட்டத்துக்குக் கூப்பிட்டானா, எனக்காகக் கூப்பிட்டானா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் அளவு மெஷின் வேலை கேட்டேன்.

"ஆள் போட்டாச்சே. எவ்ளோ நாள் உனக்காக வெச்சிருந்தேன் தெரியுமா? அடுத்து எடம் காலியானா பாக்கலாம், போ."

சரி என்று ஈரப் பக்கமே போனேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

ஆற்றுக்குப் போவதை விட்டுவிட்டேன். மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு நாள் சாயங்காலம் பைபாஸ் ஓரம் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு லோடு வண்டி வந்து நின்றது. அவன்தான். முடி வெட்டியிருந்தான், துவைத்த சட்டை.

"ண்ணா! எப்பிடி கீற?"

"கீறேன்."

"வா, ஒரு டீ குடிக்கலாம்."

"ஆட்டத்துக்கா?"

"ச்சீ, அதெல்லாம் விட்டுட்டேன்ண்ணா. சும்மாத்தான். பாத்து எவ்ளோ நாளாச்சு."

சும்மாத்தான் என்று அவன் சொன்னதும் அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். டீக்கடைக்குப் போனோம். வேலை விட்டு நேராக வந்திருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். அவனும் உட்கார்ந்தான். உடனே எழுந்துகொண்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அது வருகிற பக்கமாகப் போய் நின்றுகொண்டான்.

"தப்பா நெனச்சுக்காதண்ணா. உம்மேல இவ்ளோ நாத்தம் அடிக்குமா? அப்பல்லாம் தெரியலயே."

"அப்பவும் இதேதான்."

"இல்லண்ணா. அப்ப இவ்ளோ இல்ல."

அவன் ஒரு கையில் டீயும் ஒரு கையில் செல்லுமாக நின்றான். செல்லில் சீட்டு மாதிரி ஏதோ வரிசையாக வந்து விழுந்தது. கட்டை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தான்.

"விட்டுட்டேன்னியே?"

"ஆத்துல ஆடுறத விட்டுட்டேன். இது சும்மா டைம் பாசுண்ணா. இதுக்குப் பக்கத்துல ஆள்கூட வேணாம்."

தலை நிமிராமல் சொன்னான். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்கிறாள் என்றான். அவனுடைய டீ ஆறி ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

"குடிப்பா, ஆறிடப் போவுது," என்றேன்.

"ம்," என்றான்.

பஸ் வந்தது. போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவன் காதில் விழவில்லை. எழுந்து போய் ஏறிக்கொண்டேன்.